பத்தொன்பது நாள் முட்டை

என் அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை வைத்த அன்று, அம்மா மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் மாதக் கடைசி, காலை ஆறு மணிப் பூசை. புதிதாக வந்திருந்த இளம் ஃபாதர் மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "இன்றைய திருப்பலிக் கருத்து: டெல்பின் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." எங்கள் பங்கில் டெல்பின் என்ற பெயரில் இருப்பது ஒரே ஒருத்திதான். முன் பெஞ்சுக்காரர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆன்ட்டி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "தப்பா எழுதிட்டாங்க போல" என்று என் காதில் சொல்லிவிட்டு அம்மா மறுபடி விசிறினாள்.

நான் விடுகிற ஆளா? பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குப் போய் எழுத்தர் பொன்ராஜ் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவளை மைக் வைத்துக் கொல்கிறீர்களா என்று ஆரம்பித்து நாலு வார்த்தை கூடுதலாகவே பேசிவிட்டேன். அவர் சாந்தமாகக் கோப்பைப் புரட்டி ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நல்லா பாரும்மா. உங்கம்மா கையெழுத்துதான? வருஷா வருஷம் இதே தேதிக்கு இப்படித்தான் எழுதிக் குடுக்கிறாங்க. டீச்சர் ஏதோ மறதியில எழுதறாங்கன்னு நான்தான் 'நன்றித் திருப்பலி'ன்னு மாத்திப் போட்டுடுவேன். இந்த வருஷம் நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிட்டு நேத்து ராத்திரிதான் வந்தேன். மாட்டிக்கிச்சு."

"எத்தனை வருஷமா?"

"நான் இங்க சேர்ந்து பதினாலு வருஷம். அப்பலேர்ந்து."

அம்மாவின் கையெழுத்துதான். பள்ளிக்கூட டீச்சருக்கே உரிய உருண்டையான எழுத்து. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். பதினாலு வருஷமாக ஒரு மனுஷி தன் பெயருக்குத் தானே இறந்தவர் பூசை வைக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அம்மாவுக்கு மூளையில் ஏதோ தொடங்கிவிட்டது, நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளிடம் நேரே கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லோரிடமும் வாய் நீளுகிற எனக்கு அம்மாவிடம் மட்டும் நீளாது.

கேட்பதற்குப் பதிலாக டிக்கெட் போட்டேன். சைகோனுக்கு, இரண்டு பேருக்கு, நவம்பரில். நினைவு இருக்கும்போதே பிறந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட்டு வரட்டும் என்று.

இங்கே என் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்னக் கண், தட்டை மூக்கு, மஞ்சள் தோல். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் சைனா. இப்போதும் ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ் விட்டு இறங்கினால் ஆட்டோக்காரர் என்னிடம் இந்தியில்தான் ஆரம்பிப்பார். நான் பதிலுக்குச் சுத்தமான மெட்ராஸ் பாஷையில் ஒரு வாங்கு வாங்கிய பிறகுதான் வண்டி நகரும். முகத்துக்குக் காரணம் அம்மாவின் அம்மா. எங்கள் தாத்தா பிரகாசம் சைகோனில் ஒரு தமிழர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்து, அதன் மாடியிலேயே குடியிருந்தவர். அங்கேயே ஒரு வியட்நாமியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் ஐவி என்று பெயர் வைத்தார்கள். ஒரே மகள் டெல்பின். சண்டை முடிந்த மறுவருஷம், எழுபத்தாறில், அங்கிருந்த இந்தியர்களோடு சேர்ந்து மூவரும் விமானம் ஏறி மெட்ராஸ் வந்து சாந்தோமில் வாடகைக்குக் குடியேறினார்கள். அப்போது அம்மாவுக்கு ஆறு வயது. எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மேலே கேட்டால் அம்மா சொல்வது ஒரே பதில்: "ஆறு வயசுல வந்தவளுக்கு என்னடி ஞாபகம் இருக்கும்?"

டிக்கெட்டைப் பார்த்ததும் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். முதலில் முட்டிவலி என்றாள். பிறகு அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுக்க வேண்டும் என்றாள். பிறகு பாடகர் குழுவில் ஆள் இல்லை என்றாள். தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அதில் பழைய போர்வைகளை அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "நீ ஃப்ரெண்ட்ஸோட போய்ட்டு வா. போற இடத்துல கண்டதையும் தின்ன அதுங்கதான் சரி" என்றாள்.

அதுங்க என்றால் சித்தார்த்தனும் வஜீஹாவும். என்னோடு ஒரே ஆபீஸில் வேலை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதுவரை தின்னாத ஏதாவது ஒன்றைத் தின்பது வழக்கம். சங்கத்துக்கு நாக்கு நீண்டோர் கழகம் என்று பெயர் வைத்தது வஜீஹா. வறுத்த ஈசல், நத்தைக் கறி, ஆட்டு விதை, அடையாறில் ஒரு கொரியாக்காரர் கடையில் சாக்ஸ் வாசனையடித்த சோயா என்று இரண்டு வருஷமாக ஒப்பேற்றியாகிவிட்டது. சித்தார்த்தன் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டை இடித்துக் குடும்பத்தையே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் எந்தச் சந்தில் என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வியட்நாமில் வாத்து முட்டையை அடைக்கு வைத்து, குஞ்சு பாதி உருவான பிறகு வேகவைத்துத் தின்பார்கள் என்று நான்தான் எங்கேயோ பார்த்துச் சொன்னேன். இதைச் செய்து அம்மாவுக்குக் கொடுத்தால் ஊர் ஆசை வந்துவிடும் என்பது என் யோசனை. இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

"எங்க மாமா நெடுஞ்செழியன் செங்கல்பட்டாண்ட வாத்து வெச்சிக்கினு கீறாரு. மிஷின்ல அடை வைக்கிறாரு. எத்தினி வோணும் சொல்லு" என்றான் சித்தார்த்தன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. அம்மா பூசை முடிந்து மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு சித்தார்த்தன் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் உமி போட்டு அதற்குள் பன்னிரண்டு முட்டைகளைப் புதைத்து எடுத்துக்கொண்டு வந்தான். பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். வஜீஹா வரும்போதே சொல்லிவிட்டாள்.

"இது எனக்கு ஹலால் கிடையாது. நான் வீடியோ மட்டும்தான். நீங்க ரெண்டு பேரும் வாந்தி எடுக்கிறதை நல்ல ஆங்கிள்ல எடுத்துத் தரேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முட்டைகளைக் கழுவி ஒரு தட்டில் அடுக்கியிருந்தேன். அப்போதுதான் அம்மா வந்துவிட்டாள். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"வாங்க ஆன்ட்டி! உங்க ஊரு ஐட்டம். சர்ப்ரைஸு" என்றான் சித்தார்த்தன்.

அம்மா தட்டைப் பார்த்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பிறகு பையை வைத்துவிட்டு, குழாயில் கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளுன்னு சொன்னாங்க?"

"பத்தொம்பது நாளுன்னாரு மாமா."

"ஜன்னலைச் சாத்து. போன்ல டார்ச் போடு."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன். வஜீஹா தன் போனில் இருந்த வீடியோவை நிறுத்திவிட்டு டார்ச்சைப் போட்டு நீட்டினாள். அம்மா ஒரு முட்டையை எடுத்து இடது கையை வளையமாகச் செய்து அதற்குள் நிறுத்தி, அகன்ற பக்கத்தை வெளிச்சத்தில் வைத்தாள். முட்டைக்குள் சிவப்பாக நரம்புகள் ஓடின. நடுவே ஒரு கருப்பு அசைந்தது. அம்மா ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு அதை வலது பக்கம் வைத்தாள். அடுத்தது. அடுத்தது. ஒரு முட்டைக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகவில்லை.

"இந்த அஞ்சும் இருபத்திமூணு நாள் தாண்டிடுச்சு. மூக்கு, ரெக்கை எல்லாம் வந்தாச்சு. இதைச் சாப்பிடக் கூடாது. உமியிலேயே வெச்சு இன்னிக்கே திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துடு, பொரிஞ்சிடும். இந்த மூணும் செத்த முட்டை. இது நாலுதான் சரியான பதம். உங்க மாமா எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலந்துட்டாரு."

"ஆன்ட்டி, உங்களுக்கு எப்டி..." என்று ஆரம்பித்த சித்தார்த்தன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நாலு முட்டையையும் அம்மாவே வேகவைத்தாள். உப்பும் மிளகுத்தூளும் கலந்து எலுமிச்சம்பழம் பிழிந்தாள். "ஒரு இலை வேணும். இங்க கிடைக்காது" என்றாள். டீ கிளாஸ் ஒன்றில் முட்டையை நிறுத்தி, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முட்டிவலிக்காரி! ஸ்பூனால் மேலே இரண்டு தட்டு, ஒரு சின்னத் துளை, உள்ளே இருந்த சாற்றை ஒரே உறிஞ்சு. பிறகு ஓட்டைப் பிட்டு, உப்பைத் தொட்டுத் தொட்டு, எதையும் பார்க்காமல், யாரிடமும் பேசாமல் சாப்பிட்டாள். கெட்டியான வெள்ளையை மட்டும் ஓட்டோடு ஒதுக்கினாள். ஒன்று முடித்து இன்னொன்றை எடுத்தாள்.

சித்தார்த்தன் ரோஷத்துக்கு ஒன்று சாப்பிட்டான். "சூப்பராத்தான் கீது" என்று சொன்னவன் ஓடிப்போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டான். நான் சாப்பிடவில்லை. என்னால் அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஜவுளிக்கடை மாடியில் வளர்ந்த, ஆறு வயதில் ஊரை விட்டு வந்த, ஒன்றும் ஞாபகமில்லாத பெண்ணுக்கு இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது? மறதிக்காரியின் கை இல்லை அது.

வஜீஹா நிலைமையைப் புரிந்துகொண்டு சித்தார்த்தனையும் பக்கெட்டையும் கிளப்பிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்தால் அம்மா தரையில் அதே இடத்தில் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு மம்மி நீ?" என்றேன்.

இவ்வளவு முரட்டுத்தனமாக ஒரு மகள் கேட்கலாமா என்றால் கேட்கக் கூடாதுதான். ஆனால் அந்தக் கேள்வியைத் தவிர வேறு கேள்வி எனக்கு வரவில்லை.

"அந்த ஜவுளிக்கடைக்குக் கீழே, தெருமுனையில முட்டை விக்கிறவங்க எங்கம்மா" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். "வெளக்குல முட்டை பாக்கறது என் வேலை. நாலு வயசுலேர்ந்து."

"அப்போ தாத்தா?"

"தாத்தாவோட பொண்ணு டெல்பின் வேற. ஆறு வயசு. மூணு நாள் காய்ச்சல்ல போயிடுச்சு. ஊருக்குக் கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. பேப்பர்ல மூணு பேர் இருந்தாங்க, வீட்ல ரெண்டு பேர் இருந்தாங்க. எங்கம்மா வந்து கேட்டா. ஒரு பேர் சும்மாத்தான போகுது, என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, இங்க இருந்தா பட்டினியில சாகும்னு."

நானும் தரையில் உட்கார்ந்தேன். "அப்ப அந்தப் பூசைச் சீட்டு?" என்றேன். அம்மா தலையசைத்தாள்.

"அவ செத்த தேதிதான் அது. அம்பது வருஷமா அவ பேருல சாப்பிடறேன், அவ பேருல சம்பளம் வாங்கறேன். வருஷத்துக்கு ஒரு பூசையாவது அந்தப் பிள்ளைக்கு வேணாமா? அந்த பொன்ராஜ் அதையும் மாத்தி மாத்தி எழுதியிருக்கான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி, எனக்குப் பசிக்குது, ஏதாவது சாப்பிடலாமா'ன்னாரு. அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்ல."

அப்பா அப்படித்தான். எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பும் வந்தது. மனசு கொஞ்சம் லேசானது. இதில் என்ன குற்றம் இருக்கிறது? போர் முடிந்த நேரம். ஏழைத் தாய் பிள்ளையைப் பிழைக்க அனுப்பியிருக்கிறாள். அழ வேண்டிய கதைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "மம்மி, அப்ப கண்டிப்பாப் போகணும். உங்கம்மா இல்லாட்டியும் அக்கம்பக்கத்துல யாராவது இருப்பாங்க. தேடலாம்" என்றேன்.

அம்மா என் கையை எடுத்துவிட்டாள்.

"எங்கம்மா குடுத்தது என்னை இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அப்ப எட்டு வயசு. பேப்பர்ல ஆறு. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, அவளுக்குத்தான் சரியா ஆறு. அவளைத்தான் பேசி முடிச்சாங்க. டெல்பினோட வெள்ளைக் கவுனை அவளுக்கு அளவு பாத்துப் பிடிச்சுத் தைச்சாங்க. மூணு வாரம் தாத்தா அவளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தாரு. அப்பா, அம்மா, என் பேர் டெல்பின். அவளுக்கு வாயில நுழையல. பக்கத்துல உக்காந்து நான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன்."

அம்மா ஓடுகளை ஒரு பேப்பரில் கொட்டி மடித்தாள். மடித்ததையே மறுபடி மறுபடி மடித்தாள்.

"கிளம்பற அன்னிக்குக் காலைல எங்கம்மா வீட்ல இல்ல. பாத்தா விட முடியாதுன்னு முட்டை எடுக்கற சாக்குல எங்கேயோ போயிட்டா. தங்கச்சியைக் குளிப்பாட்டி, கவுன் மாட்டி, கீழ கூட்டிட்டு வரச் சொல்லி என்கிட்டதான் சொல்லிட்டுப் போனா. நான் அவளைக் கண்ணாமூச்சி விளையாடலாம் வான்னேன். பின்னாடி முட்டைக் கூடை அடுக்கியிருந்த ரூம்ல ஒளிஞ்சுக்கோ, நான் கூப்பிடற வரைக்கும் வரக் கூடாதுன்னேன். சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை அது. கவுனை நான் போட்டுக்கிட்டேன். அக்குள்ல கிழிஞ்சுது. கீழ வண்டி நிக்குது. உங்க பாட்டி என்னைப் பாத்துட்டு, சின்னவ எங்கேன்னு கேட்டாங்க. வர மாட்டேன்னு அழுதுட்டு ஓடிட்டான்னேன். அப்புறம் தாத்தாவைப் பாத்து, 'என் பேர் டெல்பின்'னு தமிழ்ல சொன்னேன். அவரு என் கையைப் பிடிச்சு வண்டியில ஏத்திட்டாரு."

"உனக்கு எட்டு வயசு மம்மி. பசி. சின்னப் பிள்ளை."

"எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள் அம்மா. "அதை மாத்தி எழுதாத. தாத்தா எங்கம்மாவுக்கு ரெண்டு தடவை லெட்டர் போட்டாரு. பதில் வரல. நான் அங்க வரலைடி. அவ செத்திருந்தா எனக்குத் தாங்காது. உயிரோட இருந்தா, அதுக்கும் மேல."

அன்றைக்கு நான் நல்ல மகளாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. மூன்று நாள் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. அம்மா ஆக்கிய சோற்றை டப்பாவில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன், வந்தேன். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. ஒரு சமயம் எட்டு வயதுப் பெண்மேல், ஒரு சமயம் வாயை மூடிக்கொண்டு இருந்த தாத்தாமேல். கண்ணாடியைப் பார்த்தால் என் முகம் யாரோ ஒருத்திக்குச் சேர வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு வந்த முகமாகத் தெரிந்தது. அந்தத் தங்கச்சி அன்று வண்டி ஏறியிருந்தால் இந்த வீட்டில் இந்தச் சோற்றை வேறொருத்தி தின்றுகொண்டிருப்பாள். நான் பிறந்தே இருக்க மாட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வஜீஹா இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. சித்தார்த்தன் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: ஆன்ட்டி திருப்பிக் கொடுத்த ஐந்து முட்டையில் நாலு பொரிந்துவிட்டதாம். ஆன்ட்டியிடம் சொல்லச் சொல்லியிருந்தான். நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் விசா விண்ணப்பத்தைப் போட உட்கார்ந்தேன். பயணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. இனியும் தாமதித்தால் கிடைக்காது. அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்ய எனக்கு மனசு வரவில்லை, அவளை வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. என்னுடையதை மட்டும் நிரப்புவோம் என்று சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், தங்குமிடம். அடுப்படியில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. அம்மா வந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது.

"எனக்கும் போடு" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. மூன்று நாளாக நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்றே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"நிஜமாவா மம்மி?"

"அங்க போய் என்ன ஆவேன்னு தெரியல. ஏர்போர்ட்லேர்ந்து வெளியே வராம திரும்பினாலும் திரும்புவேன். நீ போடு."

போட்டேன். பெயர் டெல்பின். பிறந்த இடம் சைகோன். பிறந்த தேதியை அடிக்கும்போது என் விரல் ஒரு நொடி தயங்கியது. அம்மா "அதுல இருக்கறதையே போடு" என்றாள். "என் கணக்குப்படி பாத்தா இந்த வருஷமே ரிடையர் ஆயிருக்கணும். ஸ்கூல்ல கேட்டா ரெண்டு வருஷச் சம்பளத்தைப் புடுங்கிப்பாங்க." நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பக்கத்தின் கடைசியில் ஒரு கேள்வி வந்தது. வியட்நாமில் உங்களுக்கு இப்போது உறவினர் யாராவது வசிக்கிறார்களா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டம். நான் யோசிக்கவே இல்லை. "இல்லைன்னு போட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தினேன்.

"போடாத."

"மம்மி, ஆம்னு போட்டா பேர், உறவு, பிறந்த வருஷம், அட்ரஸ் எல்லாம் கேக்கும். நமக்கு என்ன தெரியும்? அவங்க இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. தேவையில்லாத சிக்கல். விசா நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். பேப்பர்ல ஒரு பொய்யை வெச்சுக்கிட்டுத்தான் நான் இங்க வந்தேன். திரும்பிப் போறதுக்கு இன்னொரு பொய்யை எழுத மாட்டேன். அதுவும் அவ இல்லைன்னு என் கையால எழுத மாட்டேன்."

"உன் கை இல்ல, என் கைதான்" என்றேன் எரிச்சலோடு.

"உன் கையாலயும் எழுதாத."

ஆம் என்ற வட்டத்தை அழுத்தினேன். கீழே புதிதாகக் கட்டங்கள் திறந்தன.

"பேர் சொல்லு."

அம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு மூன்று சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு பெயரைச் சொன்னாள். கடைசித் துண்டு லான். அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. மேலே ஏறி இறங்கி, தமிழில் இல்லாத ஒரு ராகத்தில் வந்தது. நான் எழுத்துக்களைக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை எழுதி அவள் பார்த்ததே இல்லையாம். எனக்குத் தோன்றியபடி அடித்தேன்.

"உறவு?"

"தங்கச்சி."

"பிறந்த வருஷம்?"

அம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறவள்.

"வயசைச் சொல்லு மம்மி, நான் வருஷம் போட்டுக்கறேன்."

"ஆறு" என்றாள் அம்மா.

நான் திரையை விட்டுத் திரும்பினேன். அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கே தான் சொன்னது காதில் விழ ஒரு நிமிஷம் ஆனது. கை தன்னால் வாய்க்குப் போயிற்று.

"அய்யோ, அம்பத்தாறு" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கி, யாரோ இப்போதுதான் வந்து அவளிடம் சேதி சொல்லிவிட்டுப் போனது போல என்னைக் கேட்டாள். "அப்போ அவளுக்கும் முடியெல்லாம் நரைச்சிருக்கும், இல்லடி?"